தீனித் தொட்டியும் இரத்தத் துளியும்

(முன்னாள் மாணவர், விலங்கியல் துறை, 1999–2002)

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று மலர்க்குழுப் பொறுப்பாசிரியர் கேட்டிருந்தார். அயல்நாடு சென்று ஆராய்ச்சி செய்து வந்தவன் என்பதால் மாணவர்க்கு ஊக்கமூட்டும் வகையில் இருந்தால் நலம் என்றும் குறிப்பிட்டிருந்தார். ஊக்கமூட்ட வேண்டுமானால் வெற்றிக் கதை வேண்டும். என்னிடம் இருப்பதோ தேடிய பொருள் கிடைக்காமற்போன கதை. அதைச் சொன்னபோது, "அதையே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார். எழுதுகிறேன்.

என் தந்தையார் மாட்டுத் தரகர். காங்கயம், தாராபுரம் பக்கத்துச் சந்தைகளிலும், ஆடி மாதத்து அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையிலும் தம்மைத் தெரியாத வியாபாரி கிடையாது என்பார். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசிய தலைமுறை அது. பல்லைப் பிடித்து வயது சொல்வது, சுழி பார்ப்பது, நடக்கவிட்டுப் பார்ப்பது இவையெல்லாம் எல்லாத் தரகர்களும் செய்பவைதாம். தந்தையார் வேறொன்றும் செய்வார். விலை பேசுமுன் மாட்டின் எதிரே இரண்டு தட்டுச் சோளத்தட்டைப் போட்டுவிட்டு, தள்ளிப்போய்க் குந்திக்கொண்டு பீடி பற்றவைப்பார். பீடி தீர்வதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "இதுக்குத் தின்னது ஒட்டும்" அல்லது "இது தின்னு தீக்குமே தவிர ஒட்டாது." எதைக் கண்டு அப்படிச் சொல்கிறார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பத்துக்கு மூன்று தவறிப்போகும் என்பது என் தாயாரின் கணக்கு. தந்தையார் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இந்தத் "தின்னது ஒட்டும்" என்ற மூன்றெழுத்து நாலெழுத்துச் சொற்களின் பின்னால் உலகத்து மாட்டு விஞ்ஞானிகள் பலர் அலைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நான் முதுகலை முடித்த பிறகே அறிந்தேன். 2006-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு ஆராய்ச்சி மாணவனாக இடம் கிடைத்தது. உதவித்தொகை உண்டு, வழிச்செலவு நம்முடையது. தந்தையார் வீட்டில் இருந்த சோடி எருதுகளை விற்றார். சொந்த மாட்டை விற்றதில் தமக்குத் தரகு வரவில்லை என்று அன்றைக்கு அவர் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்ன படிக்கப் போற கண்ணு?" என்றார். "மாட்டு இரத்தத்தைப் பத்திங்கப்பா" என்றேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. அந்த நாட்டில் அந்த மாடுகள் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. வாழ்நாள் முழுவதும் அடிமாட்டு லாரிக்காரர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளாமல் தரகு செய்த மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நிற்க. பொருளுக்கு வருவோம்.

மாட்டிறைச்சித் தொழிலில் ஆகும் செலவில் பெரும்பகுதி தீனிக்கே போகிறது. நான் போய்ச் சேர்ந்த ஆண்டில் அங்கே கடும் வறட்சி வேறு. உலர்புல் ஏற்றிய லாரிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஆகவே குறைவாகத் தின்று அதே அளவு வளரும் மாட்டைக் கண்டறிந்தால் பெரும் இலாபம் என்பது குழந்தைக்கும் விளங்கும். எப்படிக் கண்டறிவது என்பதில்தான் சிக்கல். எத்தனை கிலோ தின்று எத்தனை கிலோ ஏறியது என்று வகுத்துப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். அப்படித் தேர்ந்தெடுத்தால் வேகமாக வளரும் பெருத்த இனமே தேறும். அதன் பெண்கன்றுகள் வளர்ந்து பெருந்தாய்களாகி, ஆண்டு முழுவதும் கூடுதலாகத் தின்று, மிச்சப்படுத்தியதைத் தின்றே தீர்த்துவிடும்.

இதற்கு மாற்றாக 1963-இல் அமெரிக்காவில் கோக் என்பவரும் அவருடன் உழைத்தோரும் ஒரு கணக்கைச் சொன்னார்கள். ஒரு மாட்டின் எடையையும் அது வளரும் வேகத்தையும் வைத்து, அது எவ்வளவு தின்ன வேண்டும் என்று கணக்கிடுவது. உண்மையில் தின்றதிலிருந்து அதைக் கழிப்பது. எஞ்சுவது எதுவோ அதுவே அளவுகோல். நானூறு கிலோ எடையுள்ள இரண்டு மாடுகள், இரண்டும் ஒரே வேகத்தில் வளர்கின்றன, கணக்குப்படி நாளுக்குப் பத்துக் கிலோ தின்ன வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஒன்பது தின்கிறது, மற்றொன்று பதினொன்று தின்கிறது. முன்னதற்கு எஞ்சிய தீனி கழித்தல் ஒன்று. பின்னதற்குக் கூட்டல் ஒன்று. கழித்தல் குறி வாங்கிய மாடே கெட்டிக்கார மாடு. தேர்வில் கழித்தல் மதிப்பெண் வாங்கினால் பாராட்டும் துறை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் குணம் பரம்பரையாக வருவது. அதே மாநிலத்தின் மேற்குச் சமவெளியில் ட்ராங்கி என்னும் ஊரின் ஆராய்ச்சி நிலையத்தில் 1993 முதல் ஆங்கஸ் இன மாடுகளை இரண்டு வழியாகப் பிரித்து வளர்த்தார்கள். கெட்டிக்காரப் பெற்றோர்க்குப் பிறந்தவை ஒரு வழி, மற்றவை ஒரு வழி. ஐந்தாண்டுத் தேர்வுக்குப் பின் பார்த்தபோது முதல் வழிக் கன்றுகள் நாளுக்கு 9.4 கிலோவும் இரண்டாம் வழிக் கன்றுகள் 10.6 கிலோவும் தின்றன. வளர்ச்சியில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர் 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இவ்வகை மாடுகள் வயிற்றிலிருந்து வெளிவிடும் மீத்தேன் வளியும் குறைவு என்று தெரியவந்தது.

இவ்வளவும் நன்று. ஆனால் ஒரு மாட்டின் குறி கூட்டலா கழித்தலா என்று அறிய எத்தனை நாள் ஆகும் தெரியுமா? புது இடத்துக்குப் பழகுவதற்கு மூன்று வாரம், அதன் பின் எழுபது நாள். தீனித் தொட்டி ஒவ்வொன்றும் தராசின் மேல் நிற்கும். மாட்டின் காதில் உள்ள மின்னணு வில்லையைத் தொட்டி அடையாளம் கண்டுகொள்ளும். மாடு தலையை நீட்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோ குறைந்தது என்று பதிவாகும். இதற்கு ஆகும் செலவை நினைத்தால் தின்று தீர்க்கும் மாடே தேவலை என்று தோன்றிவிடும். ஆகவேதான் இரத்தத்தின் மேல் எல்லோருக்கும் கண் விழுந்தது. பால் மறக்கும் வயதில் கன்றின் இரத்தத்தில் ஒரு துளி எடுத்து, அதில் ஏதோ ஒரு பொருள் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிட முடிந்தால்?

முடியும் என்று நம்பக் காரணங்களும் இருந்தன. ட்ராங்கி மாடுகளை ஆராய்ந்த ரிச்சர்ட்சன், ஹெர்ட் என்னும் இருவர் 2004-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மாட்டுக்கு மாடு உள்ள இந்த வேறுபாடு உடம்பின் எந்தெந்த வேலையால் வருகிறது என்று அதில் பங்கு பிரித்திருந்தார்கள். செரிமானத்துக்கு 10 விழுக்காடு, அசைந்து நடமாடுவதற்கு 10, தீனி செரிக்கும்போது எழும் வெப்பத்துக்கு 9, உடம்பில் கொழுப்பும் தசையும் அமைந்த விதத்துக்கு 5, தின்னும் பழக்கத்துக்கு வெறும் 2. பெரும்பங்கான 37 விழுக்காடு, புரதம் உடைந்து மீண்டும் கட்டப்படுவது, திசுக்களின் வேலை, அச்சம் பதற்றம் ஆகியவற்றுக்கு உரியது என்றார்கள். இந்தப் பெரும்பங்கின் தடம் இரத்தத்தில் இல்லாமலா போகும்? புரதம் உடைந்தால் யூரியா. தசையின் அளவுக்குக் கிரியாட்டினின். கொழுப்புக்கு லெப்டின். அஞ்சிப் பதறும் மாட்டின் இரத்தத்தில் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீர் ஏறும். கூடவே சர்க்கரையும் ஏறும்.

நான் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி இரண்டையும். தின்றது ஒட்டாத மாடு உள்ளுக்குள் பதறிக்கொண்டே இருக்கும் மாடு. பதற்றத்திலேயே தீனியை எரித்துவிடுகிறது. சொல்லிப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது! அழகாக இருந்ததே வினையாயிற்று.

2007-இல் என் முதல் சோதனை. காயடித்த இளங்காளைகள் அறுபது. எழுபது நாள் தொட்டிக் கணக்கு முடிந்ததும் முதல் பதினாறையும் கடைப் பதினாறையும் பிரித்து இரண்டு பட்டிகளில் அடைத்தோம். மறுநாள் இரத்தம் எடுத்தோம். மாடுகளை ஒரு குறுகிய சந்து வழியாக ஒவ்வொன்றாக ஓட்டி வந்தால், முனையில் உள்ள இரும்புக் கூண்டு கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். வாலைத் தூக்கி, அடிப்பக்கத்து நடுவரையில் ஊசி செலுத்தினால் நரம்பு அகப்படும். கார்ட்டிசோலுக்கு ஒரு குழாய். சர்க்கரைக்கு ஃபுளோரைடு இட்ட வேறொரு குழாய். ஃபுளோரைடு இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, சுழற்றித் தெளிவெடுத்து, உறையவைத்துப் பாதுகாத்தோம்.

முடிவுகள் வந்த அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. கடைப் பதினாறின் கார்ட்டிசோல் உயரம், சர்க்கரையும் உயரம். புள்ளியியல் கணக்கு ஐயத்துக்கு இடமின்றி அடித்துச் சொன்னது. என் வழிகாட்டி, பண்ணைக் குடும்பத்தில் பிறந்த அம்மையார், எளிதில் புகழ்பவர் அல்லர். அவரே "நன்றாக இருக்கிறது" என்றார். மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

ஞாயிறுதோறும் வீட்டுக்குத் தொலைபேசுவது வழக்கம். அந்த ஞாயிறு தந்தையாரிடம் என் கண்டுபிடிப்பைப் பெருமையோடு விளக்கினேன். அவர் சந்தையில் விலை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லா மாட்டையும் ஒரே நாள்லயா புடிச்சீங்க?"

"ஆமாங்கப்பா. காலையில ஆரம்பிச்சு மத்தியானம் முடிஞ்சுது."

"நல்ல மாட்டை முன்னால புடிச்சீங்களா, பின்னால புடிச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்கப்பா?"

"இல்ல கண்ணு, சந்தையில காலையில பாக்கற மாடு வேற, உச்சி வெயில்ல பாக்கற மாடு வேற. பக்கத்து மாடு நாலு கத்துச்சுன்னா இதுவும் மூச்சு வாங்கும். நான் பதினோரு மணிக்கு மேல விலை பேசறதில்ல."

அறைக்குப் போய்க் குறிப்பேட்டைப் புரட்டினேன். நல்ல காலமோ கெட்ட காலமோ, ஒவ்வொரு குழாய்க்கும் நேரம் எழுதியிருந்தேன். கூண்டுக்குப் பக்கத்துப் பட்டியில் நின்றவை கெட்டிக்கார மாடுகள். பக்கத்தில் இருந்ததால் அவற்றை முதலில் ஓட்டி வரச் சொன்னவன் நான்தான். காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் அந்தப் பதினாறும் முடிந்தன. பிறகு நாங்கள் தேநீர் குடித்தோம். பிறகு ஒரு மாடு சந்தில் திரும்பிச் சிக்கிக்கொண்டு அரைமணி நேரம் அலறியது. அந்த அலறலையெல்லாம் கேட்டுக்கொண்டு, தீனியின்றிக் காத்து நின்று, பத்தரைக்கு மேல் வந்தவைதாம் "பதற்றக்கார" மாடுகள்.

கார்ட்டிசோலை நேரத்துக்கு எதிரே வரைந்து பார்த்தேன். கெட்டிக்கார மாடுகளுக்குள்ளேயே ஏழு மணிக்கு வந்ததைவிட ஒன்பது மணிக்கு வந்ததற்கு அதிகம். மற்றக் கூட்டம் அதே கோட்டின் தொடர்ச்சியாக மேலே ஏறிப் போயிற்று. இரண்டு கூட்டம் என்று தெரியாத ஒருவனிடம் காட்டினால் ஒரே கூட்டம் என்றுதான் சொல்லுவான். நான் அளந்தது மாட்டின் குணத்தையா, அது காத்து நின்ற நேரத்தையா? பிரித்துச் சொல்ல வழியே இல்லாதபடி இரண்டையும் என் கையாலேயே முடிச்சுப் போட்டிருந்தேன்.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. இளம் மாணவ நண்பர்களே, இந்த இடத்தில் நான் உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். நான் சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. சுருக்கத்தில் நேரம் குறிப்பிடப்படவில்லை. யாரும் கேட்கப்போவதும் இல்லை. பதற்றமும் வீண்தீனியும் தொடர்புடையவை என்று மற்றவர்களும் எழுதியிருக்கிறார்களே, என் முடிவு உண்மையாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே வாதாடினேன். உதவித்தொகை இன்னும் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணினேன். விற்ற எருதுகளையும் எண்ணினேன். நான்காம் நாள் காலை வழிகாட்டியின் அறைக்குப் போய்க் குறிப்பேட்டையும் வரைபடத்தையும் மேசைமேல் வைத்தேன். அம்மையார் நெடுநேரம் பார்த்தார். "அந்த நாள் நானும் அங்கே நின்றேன், அந்தத் தேநீரை நானும் குடித்தேன்" என்றார். அன்று மாலையே சுருக்கம் திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாம் சோதனை 2008-இல். இம்முறை எழுபது நாள் முடியுமுன்பே இரத்தம் எடுத்தோம். எது கெட்டிக்காரன் என்று எங்களுக்கே தெரியாது. ஒரு வாரம் முன்னதாகவே மாடுகளைச் சந்து வழியே நாள்தோறும் நடத்திப் பழக்கினோம். நான்கு காலை வேளைகள். ஒவ்வொரு நாளும் அதே இரண்டு மணி நேரம். யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். இரத்தம் எடுத்தது ஒருவர், அளந்தது மற்றொருவர். உதவித்தொகை முடிந்துபோன பிறகும் ஆறு மாதம் வேலை நீண்டது. அந்த ஆறு மாதமும் இரவில் ஓர் அங்காடியில் அலமாரிகளுக்குப் பொருள் அடுக்கினேன். பெரும்பாலும் நாய்த் தீனி டப்பாக்கள்.

கார்ட்டிசோலில் வேறுபாடு இல்லை. சர்க்கரையில் இல்லை. பன்னிரண்டு பொருள்களை அளந்ததில் யூரியா மட்டும் இலேசாகத் தலைகாட்டியது. பன்னிரண்டு பேரைச் சீட்டெடுக்கச் சொன்னால் ஒருவருக்குத் தற்செயலாக விழுவதும் உண்டு என்பதால் அதை நாங்கள் கொண்டாடவில்லை.

இந்த வழியில் ஏமாந்தவன் நான் மட்டும் அல்லன் என்பது பின்னால் சற்று ஆறுதல் தந்தது. கல்லீரலிலிருந்து பெரும்பாலும் சுரக்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சிப் பொருளைக் கன்றின் இரத்தத்தில் அளந்தால் போதும் என்று 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் வணிகச் சோதனையாகவே விற்றார்கள். தொடக்கத்து முடிவுகள் நம்பிக்கை தருவனவாகவே இருந்தன. வேறு மந்தைகளில், வேறு வயதில், வேறு தீனியில் அளந்தபோது தொடர்பு மெலிந்தது. சில இடங்களில் திசையே மாறியது. என் பிழையைப் போன்ற பிழை அங்கே யாரும் செய்யவில்லை. நேர்மையாக, நிறைய மாடுகளில் அளந்தவர்கள் அவர்கள். இரத்தம் என்பது அந்த வேளையின் செய்தி. தின்று எத்தனை மணி நேரம், என்ன வயது, எவ்வளவு கொழுப்பு, யார் துரத்தினார்கள் எல்லாம் அதில் கலந்து ஓடுகின்றன. இன்றைக்கு மரபணுக் குறிகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றைச் சரிபார்க்கவும் பல மாடுகளைத் தொட்டியில் தின்னவிட்டு அளந்தாக வேண்டியிருக்கிறது. இரத்தத்தில் உள்ள எந்த ஒரு பொருளும் அந்தத் தொட்டியை இன்னும் வேலையிலிருந்து நீக்கிவிடவில்லை.

ஆய்வேடு ஏற்கப்பட்டு 2010-இல் ஊர் திரும்பினேன். மாலை நேரம், மாட்டுக்கொட்டகையில் தந்தையார் தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சோடி இருந்த இடத்தில் ஒரு கறவை மாடு மட்டும் நின்றது. நான் கொண்டுவந்த மஞ்சள் காது வில்லை ஒன்றைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாடு இப்ப எங்க இருக்குது?"

நான் பேசாமல் நின்றேன். இந்த வினாவுக்குத்தான் நான்காண்டு அஞ்சியிருந்தேன்.

"எனக்குத் தெரியாதா கண்ணு? வண்டியும் இல்லாம ஏரும் இல்லாம அத்தனை எருதை எதுக்கு வளப்பான்?" என்றார். வில்லையைக் கொட்டகைத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினார். சற்றுப் பொறுத்து, "ரத்தத்துல கடைசிக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்றார்.

"தெரியலைங்கப்பா. தொட்டியில எவ்வளவு தின்னுதுன்னு பாத்தாத்தான் உண்டு."

"எத்தனை நாள் பாக்கணும்?"

"எழுபது நாளுங்க."

தந்தையார் மீதித் தட்டை மாட்டின் எதிரே தள்ளினார். "எழுபது நாளா! நமக்கு ஒரு பீடிதான் கண்ணு" என்றார்.

உள்ளேயிருந்து என் தாயார், "பத்துக்கு மூணு" என்று குரல் கொடுத்தார்.